பைத்தான் எச்சரிக்கையை மறைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ கணினி அறிவியலிலேயே பைத்தான் என்ற நிரல் மொழி பாடமாக இருக்கிறது. படித்து முடித்த பிள்ளைகள் அரிசி ஆலை எடைமேடைக்கும் உரக்கடைக்கும் அதில் நிரல் எழுதித் தருகிறார்கள். ஓரிரு ஆண்டு ஒழுங்காக ஓடிய நிரல், கணினியை மாற்றியதும் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று நின்றுவிட்டால் எழுதியவர்மேல்தான் பழி விழுகிறது. பெரும்பாலும் காரணம் வேறு: நிரல் பயன்படுத்திய ஒரு தொகுதி (மாட்யூல், அதாவது பைத்தானோடு வரும் ஆயத்த நிரல் கோப்பு) புதிய பதிப்பில் நீக்கப்பட்டிருக்கும்.

பைத்தானின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. பழைய தொகுதிகளை நீக்குவதும் அப்போதுதான். 2023-இல் வந்த 3.12-இல், நிரல்களைத் தொகுத்து நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் போனது. 'பிப் இன்ஸ்டால் செட்டப்டூல்ஸ்' என்ற நிறுவும் கட்டளையைக் கொடுத்தால் பெரும்பாலும் அது சரியாகிவிடும். 2024-இல் வந்த 3.13-இல் சிஜிஐ, கிரிப்ட், டெல்நெட்லிப் உட்பட 19 தொகுதிகள் ஒரே தவணையில் போயின. பராமரிக்க ஆளில்லாததையும் காலம் கடந்ததையும் சுமந்துகொண்டே இருக்க முடியாது என்பதால் இந்த நீக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். உதாரணமாக, இணைய சர்வர் நிரலை ஓட்டும் பழைய வழியான சிஜிஐ முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய பிராசஸ் தொடங்கியாக வேண்டும்.

இவை சொல்லாமல் கொள்ளாமல் போகவில்லை. அந்த 19-க்கும் 2022-இல் வந்த 3.11-இலேயே 'இது நீக்கப்படப் போகிறது' என்ற எச்சரிக்கை இருந்தது. நேரடியாக ஓட்டும் கோப்பில் பழைய தொகுதி இருந்தால் அந்த எச்சரிக்கை திரையில் வரும். அந்தக் கோப்பு இம்போர்ட் செய்யும் (உள்ளே எடுத்துக்கொள்ளும்) வேறொரு கோப்பில் இருந்தால் பைத்தான் தானே மறைத்துவிடும். எனவே பழைய பதிப்பிலேயே, நிரலை ஓட்டும் கட்டளையில் 'மைனஸ் டபிள்யூ டிஃபால்ட்' (-W default) சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். எல்லா எச்சரிக்கையும் வரி எண்ணோடு வரும். டிஃபால்ட்டுக்குப் பதில் 'எரர்' என்று கொடுத்தால் முதல் எச்சரிக்கையிலேயே நிரல் நிற்கும்.

இன்னும் நீக்கப்படாத ஒன்றுதான் அதிகம் கவலை தருகிறது. தேதி, நேரத்துக்கான டேட்டைம் தொகுதியில் உள்ள 'யுடிசி நவ்' (utcnow) 3.12 முதல் எச்சரிக்கையோடு இருந்துவருகிறது. அது தரும் நேரம் கிரீன்விச் நேரம், ஆனால் அப்படி என்ற அடையாளம் அதில் இருக்காது. இரவு 2 மணிக்கு ஒரு நெல் லாரி எடை போடுகிறது என்று வையுங்கள். யுடிசி நவ் முந்தைய நாள் இரவு 8.30 என்று பதியும். அதை 'அஸ் டைம்ஸோன்' (astimezone) மூலம் இந்திய நேரமாக்கினாலும் 8.30 என்றே காட்டும், ஏனென்றால் அடையாளமில்லாத நேரத்தை பைத்தான் உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்கிறது. தேதியே மாறிவிடுவதால் அன்றைய கணக்கு இடிக்கும்.

'நவ்' என்பதற்குள் 'டைம்ஸோன் டாட் யுடிசி' கொடுப்பதே (now(timezone.utc)) சரியான மாற்று. ஒரே ஒரு இடத்தில் மாற்றிவிட்டு நிறுத்தாமல் எல்லா இடத்திலும் மாற்றுங்கள். அடையாளமுள்ள நேரத்தையும் இல்லாததையும் எது முந்தியது என்று ஒப்பிட்டால் டைப் எரர் வரும். பழைய பதிவுகளைப் படிக்கும்போது 'ரீப்ளேஸ்' மூலம் யுடிசி அடையாளத்தை ஒட்டிவிட வேண்டும். இந்திய நேரம் போன்ற நேர மண்டலங்களைத் தரும் ஸோன்இன்ஃபோ தொகுதி விண்டோஸில் வேலை செய்ய 'டிஇஸட்டேட்டா' என்ற தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செய்முறை வகுப்பில் எச்சரிக்கையை அணைக்கும் வரியை மாணவருக்குக் கற்றுத்தராதீர்கள். எச்சரிக்கையைப் படித்து, மாற்று எதுவென்று ஆவணத்தில் தேடி எழுதுவதையே ஒரு பயிற்சியாக ரெக்கார்டு நோட்டில் சேருங்கள்.

நிரல் எழுதித் தருவோருக்கு: புதிய பதிப்பு வரும் அக்டோபர், குறுவை நெல் வந்து இறங்கும் காலம். எடைமேடையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது பதிப்பை மாற்ற வேண்டாம். 3.12-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை உண்டு. சம்பா அறுவடையும் முடிந்தபின், சித்திரையில், தனி வென்வில் (venv, மற்ற நிரல்களைத் தொடாத தனிச் சூழல்) புதிய பதிப்பைப் போட்டு, பழைய தரவின் நகலை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர்,
மன்னார்குடி