தூய்மைப் பணி ஒப்பந்தங்களுக்கும் தர ஆய்வு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் துப்புரவுப் பணியும் மாநகராட்சி வார்டுகளில் குப்பை அள்ளும் பணியும் தனியார் ஒப்பந்த நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்படுவது குறித்து, சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு நிறையப் பேசப்பட்டது. ஒப்பந்த முறையே கூடாது என்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த முறை நீடிக்கும்வரை, ஒப்பந்தத்தின் விலை எப்படி நிர்ணயிக்கப்படுகிறது, கொடுத்த பணத்துக்கு வேலை நடந்ததா என்பதை யார் சரிபார்க்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளும் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. விதிகள் 2000-இல் வந்தன. டெண்டர் அறிவிப்பு உரிய இதழில் வெளியாக வேண்டும், விலைப்புள்ளி அளிக்க 2 கோடி ரூபாய் வரையிலான பணிகளுக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும், பங்கேற்றவர்கள் முன்னிலையில் உறைகளைப் பிரிக்க வேண்டும் என்பன போன்ற விதிகளால், வேண்டியவருக்கு மட்டும் தகவல் சொல்லி வேலையை முடிக்கும் பழக்கம் கணிசமாகக் கட்டுப்பட்டது. அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு மேசை வாங்கவும் தெருவிளக்கு வாங்கவும் அது பொருத்தமானதே. மனித உழைப்பை மட்டுமே விலைக்கு வாங்கும் ஒப்பந்தங்களில்தான், தகுதியுள்ளவர்களுள் குறைந்த விலை கோரியவருக்கே பணி என்னும் அதே விதி விபரீதமான விளைவைத் தருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, ஒரு பணியாளருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் ஊதியம் என்று வைத்துக்கொண்டால், 26 நாளுக்கு 13,000 ரூபாய். அதற்கு வேலை அளிப்பவர் செலுத்த வேண்டிய வருங்கால வைப்பு நிதிப் பங்கு, காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து 13 விழுக்காடு, அதாவது 1,690 ரூபாய். ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான பங்கு 3.25 விழுக்காடு, 422 ரூபாய் 50 காசு. ஆக, சட்டத்தை மீறாமல் ஒரு ஆளை வேலைக்கு வைக்கவே மாதம் 15,112 ரூபாய் 50 காசு வேண்டும். இந்நிலையில் ஒரு நிறுவனம் ஆளுக்கு 15,200 ரூபாய் என்று விலைப்புள்ளி கொடுத்து ஒப்பந்தத்தை எடுத்தால், மீதமுள்ள 87 ரூபாய் சொச்சத்தில் கையுறை, காலணி, சீருடை, கிருமிநாசினி, வாகனத்துக்கு டீசல், மேற்பார்வையாளர் சம்பளம், போனஸ், வங்கிக் கடனுக்கு வட்டி, லாபம் அத்தனையும் அடங்க வேண்டும். அடங்காது என்பது விலைப்புள்ளி கொடுப்பவருக்கும் தெரியும், அதை ஏற்றுக் கையெழுத்திடுபவருக்கும் தெரியும்.

பிறகு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? வருகைப் பதிவேட்டில் நூறு பேர் இருப்பார்கள், வார்டில் எண்பது பேர்தான் இருப்பார்கள். பணியாளரிடம் பிடித்த வைப்பு நிதி அவர் கணக்கில் ஏறியிருக்காது, அல்லது பாதி மாதங்களுக்கு மட்டும் ஏறியிருக்கும். ஒரு ஜோடி கையுறை கிழியும்வரை மாதக்கணக்கில் ஓடும். தணிக்கையில் இவற்றைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. வைப்பு நிதிச் செலுத்துச்சீட்டையும் ஊதியப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும். ஆனால் தணிக்கை நடப்பது ஆண்டு முடிந்த பிறகு. தணிக்கைத் தடை எழுதி, அதற்கு விளக்கம் வந்து, அந்த விளக்கத்துக்கு மறுப்பு எழுதப்படும் காலத்துக்குள் ஒப்பந்தக் காலமே முடிந்து நிறுவனம் போய்விடும். இழந்த பணம் அந்தப் பணியாளருடையது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் வேலையைப் பெறும் தலைமை வேலையளிப்பவரே கொடுக்க வேண்டும் என்னும் கோட்பாடு 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இடம்பெற்றது. அப்படிக் கேட்டுப் பெறும் துணிவு, அடுத்த மாதம் வேலை இருக்குமோ இருக்காதோ என்ற நிலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து வரும்?

இதே தமிழகத்தில் குறைந்த விலைக்கு வாங்கியும் தரத்தைக் காத்த முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் மருந்துகளை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்குகிறது. தொழில்நுட்பத் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை. முதல் உறையில் தேறியவர்களின் இரண்டாம் உறை மட்டுமே பிரிக்கப்படும். அதோடு வேலை முடிந்ததாக அது கருதுவதில்லை. கிடங்குக்கு வந்து சேரும் மருந்திலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனம் எது என்று ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாதபடி மறைத்து அனுப்பி, தரச் சோதனையில் தேறிய பிறகுதான் மருந்து மருத்துவமனைகளுக்குப் போகிறது. தேறாத மருந்து திரும்பிப் போகிறது. தவறு செய்த நிறுவனம் கறுப்புப் பட்டியலில் சேர்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு எடுத்தோம் என்பது அதில் இருக்கும். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் தங்கள் கழகங்களை இதைப் பார்த்தே அமைத்தன. குறைந்த விலை அங்கே கெடுதல் செய்யாமல் போனதற்குக் காரணம், விலைக்குப் பின்னால் ஒரு சோதனை நின்றதுதான். மாத்திரைக்கு இருக்கும் அந்தச் சோதனை, மாத்திரை கொடுக்கப்படும் வார்டின் தரையைக் கழுவும் வேலைக்கு ஏன் இல்லை?

மருத்துவமனைத் துப்புரவு வெறும் பெருக்கித் துடைக்கும் வேலை அல்ல. 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கழிவுகளை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து வைக்க வேண்டும், சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கக் கூடாது, பைகளில் பார்கோடு ஒட்ட வேண்டும். ஊசி குத்திய கையோடு வேலை பார்ப்பவருக்கு மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போடப்பட்டிருக்க வேண்டும். நம் திருநெல்வேலிச் சீமையில் ஹைகிரவுண்ட் என்று எல்லோரும் அழைக்கும் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான், தனி மாவட்டமாகியும் இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி அமையாத தென்காசியிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். இத்தகைய பெரிய மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்குத் தொற்று வருமா வராதா என்பதை மருத்துவரைப் போலவே துப்புரவுப் பணியாளரும் தீர்மானிக்கிறார்.

ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டம் 2024 டிசம்பரில் பார்த்தது. கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவுகள் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டுக் கிடந்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றார்கள். பையைத் தூக்கிச் சென்ற வண்டி எங்கே போய்ச் சேர்ந்தது என்று கழிவைக் கொடுத்தவர்கள் கேட்டிருந்தால் அது நடந்திருக்காது. அடுத்த மாநிலத்தைக் குறை சொல்லி முடித்துக்கொள்ளும் விஷயமல்ல இது. நம் மருத்துவமனைகளின் ஒப்பந்தங்களிலும் அதே கேள்வியை நாம் கேட்க வேண்டும்.

பணம் இல்லை என்பது உள்ளாட்சிகளின் வழக்கமான பதில். அதில் உண்மையும் உண்டு. ஆனால் குறைவாகக் கொடுத்த தொகை முழுவதும் மிச்சமாவதில்லை. வார்டில் இருபது பேர் குறைவாக வந்தால் குப்பை தேங்கும், கால்வாய் அடைக்கும், டெங்கு வந்த பிறகு கொசு மருந்துக்கும் மருத்துவ முகாமுக்கும் தனியே செலவாகும். இந்தச் செலவு வேறு கணக்குத் தலைப்பில் எழுதப்படுவதால், ஒப்பந்தம் மலிவாக முடிந்ததாகவே ஏட்டில் தெரிகிறது.

ஆகவே மருத்துவக் கல்வி இயக்குநரகமும் நகராட்சி நிர்வாகத் துறையும் செய்ய வேண்டியவை என்று நான் கருதுபவற்றைச் சொல்கிறேன். குறைந்தபட்ச ஊதியம், வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., பாதுகாப்புக் கருவிகள் ஆகியவற்றின் தொகையைப் போட்டியிலிருந்து நீக்கி, மாறாத தொகையாக டெண்டரிலேயே அறிவிக்க வேண்டும். நிர்வாகத் திறனிலும் சேவைக் கட்டணத்திலும் மட்டும் போட்டி நடக்கட்டும், அந்தக் கட்டணத்துக்கும் ஒரு கீழ்வரம்பு இருக்கட்டும். முந்தைய மாத வைப்பு நிதி ஒவ்வொரு பணியாளர் கணக்கிலும் ஏறியதைச் சரிபார்த்த பிறகே ஒப்பந்தக்காரரின் அடுத்த மாதப் பட்டியலுக்கு (பில்லுக்கு) பணம் வழங்க வேண்டும். வார்டுத் தூய்மைக்குச் சான்றளிக்கும் அதிகாரம் செவிலியர் கண்காணிப்பாளரிடம் இருக்க வேண்டும், அவர் குறைத்த மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பட்டியல் தொகையும் குறைய வேண்டும். இந்த ஷிப்டுக்கு எத்தனை பேர், அவர்களுக்கு நாள் ஊதியம் எவ்வளவு, ஒப்பந்தம் எந்தத் தேதி வரை என்பதை நோயாளியும் உறவினரும் படிக்கும்படி வார்டு வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். இதில் ரகசியம் எதுவும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கேட்காமலே வெளியிடச் சொல்லும் வகையைச் சேர்ந்த தகவல்கள்தான் இவை.

நம் திருநெல்வேலி மாநகராட்சியின் 55 வார்டுகளிலும் நவம்பர் 1-ஆம் தேதி போன்ற நாட்களில் கூடும் பகுதி சபைகளில், அந்தந்த வார்டின் தூய்மைப் பணி ஒப்பந்தத்தை வைத்துப் படிக்க வேண்டும். கிராமங்களில் கிராம சபை வரவு செலவைக் கேட்கும்போது நகரத்தில் நாம் கேட்காமல் இருப்பது சரியல்ல.

பணி ஆணை வழங்கிய பிறகு விலையையோ நிபந்தனையையோ மாற்றச் சட்டத்தில் இடம் மிகக் குறைவு. எனவே இந்தத் திருத்தங்கள் அடுத்த ஒப்பந்தத்துக்கான மதிப்பீடு தயாராகும்போதே, அறிவிப்பு வெளியாகும் முன், அதில் இடம்பெற வேண்டும். அந்த மதிப்பீட்டின் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துச் சொல்ல 15 நாளாவது அவகாசம் தருமாறு மாநகராட்சி ஆணையரையும் மருத்துவமனை நிர்வாகத்தையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர்,
பாளையங்கோட்டை.