தாய் மடியிலேயே தடுப்பூசி போட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அண்மையில் என் பேரக் குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போட என் மகளுடன் சென்றிருந்தேன். குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கி, மேசையில் மல்லாக்கக் கிடத்தி, கால்களை அழுத்திப் பிடித்து ஊசி போட்டார்கள். அவளை வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகள் புதன்கிழமைதோறும் நானும் அப்படித்தான் செய்தேன். வெளியே நின்ற தாய்மார்களின் முகத்தை நான் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போது 6-வது வாரத்தில் இடது தொடையில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல், வலது மேல்கையில் போலியோ என்று மூன்று ஊசிகள் போடுகிறோம். 14-வது வாரத்திலும் அதே மூன்றுதான். நோயிலிருந்து காக்கும் இவற்றில் ஒன்றைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் வலியைக் குறைக்க வழி இருக்கிறது, அதற்குச் செலவும் இல்லை. தடுப்பூசி போடும்போது தாய் உடனிருக்க வேண்டும், குழந்தையைக் கையில் ஏந்தியிருக்க வேண்டும், இயன்றால் ஊசிக்குச் சற்று முன்போ போடும்போதோ தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்திருக்கிறது. பால் குடிக்கையில் ஊசி போட்டால் புரையேறிவிடும் என்றும், குழந்தை பிறகு மார்பைக் கண்டாலே மிரளும் என்றும் நாங்கள் அஞ்சினோம். அந்த அச்சங்களுக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. குழந்தை நன்றாகப் பற்றிக் குடிக்கத் தொடங்கிய பிறகு ஒரு தொடையில் போட்டு, மார்பு மாற்றிக் கொடுக்கும்போது மறு தொடையில் போடலாம். கூடுதலாக ஆவது ஓரிரு நிமிடங்கள்தான்.

வரிசையும் முக்கியம். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து இனிப்பானது. அதை ஊசிகளுக்கு முன்பே கொடுத்துவிட்டால் அந்த இனிப்பே குழந்தைக்குச் சிறிது ஆறுதல் தரும். அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியாகப் போட வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவக் கூடாது.

வேலூர் வெயிலில் ஊசிக்கு வரும் குழந்தைக்குக் குல்லாயும் கம்பளியும் வேண்டாம். தொடை எளிதில் தெரியும்படி மெல்லிய பருத்தி உடை போதும். அன்றிரவு காய்ச்சல் வந்தால் செவிலியர் சொன்ன அளவில் மட்டும் பாராசிட்டமால் கொடுத்து, அடிக்கடி பாலூட்ட வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டுபோனாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பீடி சுற்றும் தாய்மார்கள் பலருக்குக் குழந்தை இரவெல்லாம் அழுதால் மறுநாள் கூலியும் போய்விடுகிறது. அடுத்த ஊசிக்கு அவர்கள் தயங்குவதை அலட்சியம் என்று நாம் எழுதிவைப்பது நியாயமன்று.

வீட்டில் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "சாப்பிடலேன்னா நர்ஸம்மாகிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்" என்று மூத்த பிள்ளைகளை மிரட்டாதீர்கள். ஒன்றரை வயது ஊசிக்கு வருகிற பிள்ளைகள் பலர் எங்கள் சீருடையைக் கண்டதுமே அலறியதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

மாவட்ட சுகாதார நிர்வாகத்திடம் நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் தடுப்பூசி போடும் இடத்தில் சாய்ந்து உட்காரக்கூடிய ஒரு நாற்காலியும், தாய் கூச்சமின்றிப் பாலூட்ட ஒரு திரைச்சீலையும் வைக்க வேண்டும். மூன்றரை மாத ஊசிக்கு நானும் என் மகளும் மீண்டும் அங்கேதான் செல்லவிருக்கிறோம். அன்று குழந்தையை அவள் மடியிலேயே வைத்திருக்கக் கேட்கப்போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.