தண்ணீரை மட்டும் சோதித்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

ஆலைக் கழிவுநீர் ஆற்றில் கலப்பதாகச் செய்தி வரும்போதெல்லாம் கடைசியில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: 'மாதிரி எடுத்துச் சோதித்ததில் உலோகங்களின் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது.' அதைப் படித்ததும் நாமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். எனக்கு உறுத்துவதே அந்த ஒரு வரிதான்.

வரம்பு என்பது பெரும்பாலும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் இருக்கும். சரி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் குரோமியம் உள்ள கழிவுநீரை ஒரு ஆலை தினமும் 5 லட்சம் லிட்டர் வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு இன்னொரு 5 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கலந்துவிட்டால் காகிதத்தில் அளவு 1 மில்லிகிராமாகப் பாதியாகிவிடும், ஆனால் ஆற்றுக்குள் போவது முன்பு போலவே நாளுக்கு 1 கிலோ, வருஷத்துக்கு 365 கிலோ. (நல்ல தண்ணீர் பாழானது தனிக் கணக்கு.) சாக்கடை அழுக்கை நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிடும். ஈயத்தையும் காட்மியத்தையும் அப்படித் தின்று தீர்க்க எதுவும் கிடையாது.

அப்புறம் அந்த உலோகமெல்லாம் எங்கே போகிறது? பெரும்பகுதி மண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது, அதனால்தான் மேலாக ஒரு பாட்டில் மொண்டு சோதித்தால் தண்ணீர் யோக்கியமாகத் தெரிகிறது. வெள்ளம் வண்டலைக் கிளறினாலோ தண்ணீரில் அமிலத்தன்மை கூடினாலோ படிந்தது திரும்பவும் மேலே வரும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் நோய் வெளியே தெரிந்த பிறகும் 1968 வரை பாதரசக் கழிவு கடலில் விடப்பட்டது. அது மெத்தில் பாதரசமாக மீனில் சேர்ந்து, மீன் தின்றவர்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. கழிவு நின்ற பிறகும் வளைகுடாவின் சேற்றைத் தோண்டி அள்ள வேண்டியிருந்தது, மீன்கள் வெளியே போகாமல் கட்டியிருந்த தடுப்பு வலையை எடுக்க 1997 ஆகிவிட்டது.

சுத்திகரிப்பு நிலையம்தான் இருக்கிறதே என்பார்கள். சுண்ணாம்பு சேர்த்தால் பல உலோகங்கள் கசடாக இறங்கும், உண்மைதான். ஆனால் முலாம் பூசும் பட்டறைகளில் வரும் ஆறு இணைதிறன் குரோமியம் (தண்ணீரில் கரைந்தே நிற்கும், நச்சு கூடிய குரோமிய வடிவம்) அதற்கு மசியாது, முதலில் அதை மூன்று இணைதிறனுக்கு மாற்றிவிட்டுத்தான் சுண்ணாம்புக்குப் போக வேண்டும். அந்தப் படியைச் செய்யாமல் விட்டுவிட்டால் செலவு மிச்சம், குரோமியம் ஆற்றுக்கு. இப்படிப்பட்ட கழிவுக்கு வருஷம் முழுக்க ஓடியதாகச் சொல்லியும் கசடே சேராத நிலையம் என்றால், அது ஓடவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அதனால் உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'வரம்புக்குள்' என்று யாராவது சொன்னால், ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை கிலோ, மாதிரியை ஒரே தடவை எடுத்தார்களா அல்லது இரவும் பகலுமாகச் சேர்த்து எடுத்தார்களா, அடி வண்டலைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். கசடு எத்தனை லாரி போனது, எங்கே கொட்டினார்கள் என்பதையும் விடாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்