மேடை கொடுக்கும் முன் விசாரியுங்கள்: ஆலய வண்ணக்கர்மாருக்கும் பரிபாலன சபையினருக்கும் ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலுள்ள சைவ ஆலயங்களின் நிர்வாகத்துக்குப் பொறுப்பான வண்ணக்கர்மாருக்கும் பரிபாலன சபையினருக்கும் பணிவான வணக்கம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், கிராமமொன்றின் அறநெறிப் பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கடந்த திருவிழாவின்போது எங்கள் பகுதி ஆலயமொன்றின் வெளிவீதியில் 'ஞானகுரு' என்று பதாகை கட்டி மேடையேற்றப்பட்டவரைப் பற்றியும், அவர் போன பின்னர் ஊரில் எழுந்த பேச்சுக்களைப் பற்றியும் நீங்கள் நன்கு அறிவீர்கள். அவருடைய பெயரையோ அந்த ஆலயத்தின் பெயரையோ இங்கு எழுதப்போவதில்லை. ஒருவரைப் பெயர் சொல்லித் துரத்தினால் அடுத்த ஆண்டு வேறொருவர் வருவார். ஆகவே என் வேண்டுகோள் உங்களிடமே. ஒருவரைக் குருவென்று அடியார்கள் முன் நிறுத்துவதற்கு முன்னர், அவர் யாரிடம் தீட்சை பெற்றார், என்ன கற்றார், எப்படி வாழ்கிறார், அடியார்களிடம் எதைக் கேட்டு வாங்குகிறார் என்பவற்றை விசாரியுங்கள். விசாரித்து அறிந்ததை எங்களுக்கும் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு தாய் இருக்கிறார். அவருடைய மகன் 2008 ஆம் ஆண்டு வேலைக்கென்று வீட்டை விட்டுப் போனவர், திரும்பவில்லை. அந்தத் தாய் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை, பதிந்து கொடுக்காத படிவம் இல்லை. பிளாஸ்டிக் உறை போட்ட மகனின் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிவார். மேடையில் அமர்ந்திருந்த மனிதர், படத்தைப் பார்த்துக் கண்ணை மூடி, "உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான், ஒரு யாகம் செய்தால் தை பிறப்பதற்குள் வீட்டு வாசலுக்கு வருவான்" என்றார். யாகத்துக்கு 51,000 ரூபாய் கேட்கப்பட்டது. கையிலிருந்த ஒரே சோடி வளையலை அடகு வைத்தும், போதாததற்கு நுண்கடன் எடுத்தும் அவர் அந்தப் பணத்தைக் கட்டினார். மகன் கடைசியாகக் கழற்றிப்போட்ட நீல நிறச் சேட் ஒன்றைத் துவைக்காமல் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார்; 'ஆளை இழுத்துவர அவன் உடுத்த துணி வேண்டும்' என்று சொல்லி அதையும் வாங்கி ஓமகுண்டத்தில் போட்டுவிட்டார்கள். நான் அன்று அங்கே நின்றேன். நெய் பட்டதும் கழுத்துப்பட்டி முதலில் சுருண்டது, பிறகு பொத்தான்கள் ஒவ்வொன்றாக உருகின. அந்தத் தாய் கைகூப்பியபடி நின்றார்.

தை வந்தது, மாசியும் போனது. கடன் அறவிட வரும் பிள்ளைகள் கிழமைதோறும் வருகிறார்கள். அவரைப் பார்க்கப் போனபோது அவர் பணத்தைப் பற்றிப் பேசவேயில்லை. "காசு போனாப் போகட்டும் மனே, அந்தச் சேட்டில அவன்ட மணம் இருந்திச்சி" என்று மட்டும் சொன்னார்.

மதிப்பிற்குரிய வண்ணக்கர்மாரே, அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது? மேடை ஆலயத்தினது, ஒலிபெருக்கி ஆலயத்தினது, அறிவித்த குரல் சபையினது. அந்த மனிதரை அந்தத் தாய் நம்பவில்லை. உங்களை நம்பினார். கோயில் கூப்பிட்ட ஆள் என்பதற்காகவே வளையலைக் கழற்றினார்.

இந்து சமயத்தில் யாரும் எழுந்து நின்று 'நான் குரு' என்று சொல்லிவிடலாம், அதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது என்று சபை உறுப்பினர் ஒருவர் என்னிடம் கூறினார். அப்படியல்ல. முண்டக உபநிடதம் மெய்ப்பொருளை அறிய விரும்புபவன் வேள்வி விறகான சமித்தைக் கையிலேந்திச் சென்றடைய வேண்டிய குருவுக்கு இரண்டு இலக்கணங்களைச் சொல்கிறது: அவர் மறைகளைக் குருமுகமாகக் கற்றறிந்தவராக இருத்தல் வேண்டும், பிரம்மத்தில் நிலைத்து நிற்பவராகவும் இருத்தல் வேண்டும். கல்வி மட்டும் இருந்தால் அவர் பண்டிதர். அனுபவம் உண்டென்று தாமே சொல்லிக்கொள்பவரைச் சோதிக்க நமக்கு வழியில்லை. அதனாலேயே இரண்டும் சேர்த்துச் சொல்லப்பட்டன. நமது சைவ ஆகம மரபு இன்னும் கண்டிப்பானது. சமயம், விசேடம், நிர்வாணம் என்னும் தீட்சைகளை முறையாகப் பெற்று, அதன்மேல் ஆசாரிய அபிடேகமும் பெற்றவரே பிறருக்குத் தீட்சை கொடுக்க உரியவர். தீட்சை கொடுத்தவர் யார், அவருக்குக் கொடுத்தவர் யார் என்ற தொடர்ச்சியை ஆசாரியர் ஒருவரிடம் கேட்டால் அவர் மகிழ்ச்சியோடு சொல்வார். விதைநெல் வாங்கும்போது எந்த வயலில் விளைந்தது, எந்தப் போகத்தது என்று கேட்டு, ஒரு மணியைக் கடித்தும் பார்க்கிற ஊர் நம்முடையது. குருவைப் பற்றி அந்த அளவாவது கேட்கக் கூடாதா?

சாதியும் வயதும் இதில் முடிவான அளவுகோல் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். குலகுருவாக இருந்த முதியவர் அருணந்தி சிவாசாரியார், வயதில் மிக இளையவரான மெய்கண்டாரிடம் உயிரை மறைக்கும் ஆணவ மலம் எப்படியிருக்கும் என்று கேட்டபோது, 'இப்படித்தான்' என்பதுபோல் மெய்கண்டார் அவரையே ஏற இறங்கப் பார்த்ததாகவும், அக்கணமே அருணந்தியார் அவர் அடிபணிந்து மாணாக்கரானதாகவும் மரபு கூறுகிறது. சைவ சித்தாந்தத்தைக் குரு சீடராக வழிவழி தந்த நமது சந்தான குரவர் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. நம் மண்ணிலேயே காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரைப் பாருங்கள். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, கல்லூரி அதிபராக இருந்தவர். அப்படிப்பட்டவர் 1922 இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, பிரபோத சைதன்யர் என்ற பெயரில் பிரமசாரியாகப் பயின்று, 1924 இல்தான் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றார். அத்தனை கற்றவரே காத்திருந்து பெற்ற ஒன்றை, முகநூல் காணொளிகளைக் கொண்டு ஒருவருக்குச் சூட்டிவிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சித்தர்களுக்குச் சான்றிதழ் உண்டா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காரைதீவில் சமாதி கொண்டுள்ள சித்தானைக்குட்டி சுவாமிகளிடமோ, நல்லூர்த் தேரடியில் திரிந்த செல்லப்பா சுவாமிகளிடமோ யாரும் கடதாசி கேட்கவில்லை. ஆனால் செல்லப்பர் தம்மைத் தேடி வந்தவர்களை ஏசித் துரத்தியவர். யோகர் சுவாமிகளைப் போன்ற மாணாக்கர் ஒருவர் அதையும் தாங்கி நின்றார். செல்லப்பர் மேடை தேடவில்லை, கட்டணம் வாங்கவில்லை. கடதாசி இல்லாத இடத்தில் வாழ்க்கை சாட்சி சொல்ல வேண்டும், அதைத்தான் விசாரிக்கச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ச் சடங்குகளையும் இதனோடு குழப்ப வேண்டாம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் தெய்வமாடிக் கட்டுச் சொல்பவர், அதாவது குறி கூறுபவர், சடங்கு முடிந்து கதவடைத்த பின்னர் மறுநாள் வயல் வரம்பில் மண்வெட்டியோடு நிற்கிறார். தம்மைக் குருவென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார். பூசகர், பிரசங்கியார், கட்டுச் சொல்பவர் ஆகிய எல்லோருக்கும் அவரவர் இடம் இங்கு உண்டு. ஆன்ம ஈடேற்றத்துக்கு வழிகாட்டுவதாகச் சொல்பவரின் இடம் வேறு, அதற்கான தகுதியும் வேறு.

'குருவைக் கேள்வி கேட்பது குருநிந்தை' என்று அன்று மேடையிலிருந்தே சொல்லப்பட்டது. பகவத்கீதை நான்காம் அத்தியாயம், பணிந்தும் நன்றாகக் கேள்வி கேட்டும் பணிவிடை செய்தும் ஞானத்தை அறிந்துகொள் என்கிறது. பிரசின உபநிடதத்தில் கேள்விகளோடு வந்த அறுவரிடம் பிப்பலாத முனிவர், ஓராண்டு தவத்தோடு தங்கியிருங்கள், பிறகு விரும்பியதைக் கேளுங்கள், எமக்குத் தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் சொல்வோம் என்றார். 'தெரிந்திருந்தால்' என்று சொன்ன அந்த முனிவரையும், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் காணாமற்போன பிள்ளையின் இருப்பிடம் சொன்னவரையும் ஒரே சொல்லால் அழைக்க என்னால் இயலாது. "குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக் குருடும் குருடும் குழிவிழு மாறே" என்று திருமூலர் எச்சரித்த பாடலை நான் வகுப்பில் மனப்பாடம் செய்விக்கிறேன். அதன் பொருளைப் பிள்ளைகள் கேட்டால், வெளிவீதியைக் காட்ட நேர்கிறது.

அந்த மேடைக்கும் மின்விளக்குகளுக்கும் செலவான பணம் எவ்வளவு என்பதைச் சபை இன்னும் வெளியிடவில்லை. அதே ஆலயத்தின் பின்புறத்தில் எங்கள் பிள்ளைகள் ஒழுகும் தகரத்தின் கீழ் நிலத்தில் பாய் விரித்துத் தேவாரம் படிக்கிறார்கள். கூரைக்கு நாங்கள் கொடுத்த கடிதம் எங்கே கிடக்கிறதோ! கும்பாபிடேகத்துக்கு ஊரெல்லாம் பணம் திரட்டும் சபைகள், கடனில் மூழ்கும் பெண்களின் வீட்டுக்கு ஒருநாளாவது வந்ததுண்டா? இவற்றைத் தனியாகப் பேச வேண்டும், பேசுவேன். இம்மடலின் வேண்டுகோள் ஒன்றுதான்.

வரும் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குருவென்று அழைக்கப்படுபவரின் தீட்சை, கல்வி, வாழ்க்கை முறை ஆகியவற்றை ஊர்க் குருக்கள்மாரையும் கற்றறிந்த பெரியோரையும் கொண்டு விசாரித்து, அதனை ஆலய அறிவித்தல் பலகையில் எழுதி ஒட்டுங்கள். ஆலய வளவில் எவரும் அருள்வாக்குக்கோ பரிகாரத்துக்கோ கட்டணம் பெறுவதைத் தடை செய்யுங்கள். பெண்களையோ சிறுவர்களையோ தனியறையில் சந்திக்க ஒருவருக்கும் இடங்கொடாதீர்கள். அடியார்கள் எழுந்து கேள்வி கேட்க நேரம் ஒதுக்க மறுப்பவருக்கு மேடையையும் மறுத்துவிடுங்கள்.

கூடவே, அந்தத் தாயிடம் பெறப்பட்ட பணத்தை உரியவரிடமிருந்து மீட்டுக் கொடுக்கச் சம்பந்தப்பட்ட சபை முன்வர வேண்டும். முடியாவிட்டால் ஆலய நிதியிலிருந்தேனும் அவருடைய வளையலை மீட்டுக் கொடுக்க வேண்டும். உங்கள் பதிலை அடுத்த கொடியேற்றத்துக்கு முன்னர் எழுத்தில் தருமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
அறநெறி ஆசிரியை ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.