அப்பாவின் பெரட்டு நேரமும் ஒரு டெஸ்ட் இமேஜும்

ஜோர்ஜ்டவுன்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்கு முட்டிவலி கூடிப்போய், கிளினிக்குக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் பதில் எழுத உட்காரவே முடியவில்லை. இப்போது பரவாயில்லை. நேற்று லெபோ பாசார் வரை நடந்து வந்து, பூக்கடையில் பேரம் பேசி வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார். உன் மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்த படத்தை இருவரும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். சீருடை இரண்டு அளவு பெரிது, நம் அம்மாக்கள் நமக்கு வாங்கித் தந்ததைப் போலவே.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தானியங்கி டெஸ்ட்களை ஓட்டும் கண்டெய்னர் இமேஜை, அதாவது டெஸ்ட் ஓடத் தேவையான மென்பொருளை எல்லாம் கட்டிவைத்த பொட்டலத்தை, உன் பொறுப்பில் கொடுத்திருக்கிறார்கள். "ஒருமுறை கட்டி, இமேஜ்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏற்றிவிட்டால் போதும்தானே, அப்புறம் அதில் என்ன வேலை?" என்று எழுதியிருந்தாய். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், படித்துப் பார்.

நாங்கள் செய்வது கிளினிக்குகளுக்கான மென்பொருள். அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் முதல் ஆறு இலக்கத்திலிருந்து பிறந்த தேதியை அதுவே எடுத்துக்கொள்ளும். போன வருடம் ஒரு கிளினிக்கிலிருந்து புகார் வந்தது. வயதானவர்களுக்கு அச்சாகும் சீட்டில் பிறந்த தேதி ஒரு நாள் முந்தி வருகிறதாம். 1975 ஜூன் 2 பிறந்தவருக்கு ஜூன் 1. இளையவர்களுக்கு எந்தப் பிசகும் இல்லை. மருந்து கொடுக்கும் இடத்தில் அட்டையையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் தாதியர் ஒவ்வொரு முறையும் நின்று விசாரிக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கமோ டெஸ்ட் அத்தனையும் பச்சை, அதாவது தேர்ச்சி. 1975இல் பிறந்தவருக்கென்றே ஒரு டெஸ்ட் இருந்தது, அதுவும் பச்சை.

இரண்டு நாள் நிரலைத் தோண்டினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் டெஸ்ட் இமேஜுக்குள்ளேயே கட்டளை தட்டும் ஷெல்லைத் திறந்து, நேர மண்டலம் ஆசியா/கோலாலம்பூர் என்று கொடுத்து, நேரம் காட்டும் டேட் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். பிழை என்று எதுவும் சொல்லவில்லை. ஆனால் நேரம் எட்டு மணி நேரம் பின்தங்கியிருந்தது. மண்டலத்தின் குறியீடு வர வேண்டிய இடத்தில் 'ஏசியா' என்ற ஒரே சொல். நேர மண்டலத் தகவல் அடங்கிய டிஇசட்டேட்டா பொதி இமேஜில் இல்லவே இல்லை. அது இல்லாதபோது சிஸ்டம் அந்த ஊர்ப் பெயரைப் புரிந்துகொள்ள முடியாமல், பேசாமல் உலகப் பொது நேரமான யுடிசியைக் காட்டிவிடுகிறது.

ஏன் இல்லை என்று, இமேஜைக் கட்டும் வழிமுறை எழுதிய டாக்கர்ஃபைலின் பழைய மாற்றங்களைப் புரட்டினேன். எங்கள் இமேஜுக்கு அடித்தளமான பேஸ் இமேஜ், உபுண்டு என்ற லினக்ஸ். அதில் டிஇசட்டேட்டா கிடையாது, நாம்தான் நிறுவ வேண்டும். நிறுவும்போது "நீங்கள் எந்தப் பகுதி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். இமேஜைக் கட்டும் பில்ட் மெஷினில் பதில் சொல்ல யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பில்ட் அப்படியே தொங்கி நின்றிருக்கிறது. கேள்வி கேட்காதே என்று சொல்ல ஒரு சூழல் மாறி, அதாவது வெளியிலிருந்து கொடுக்கும் ஓர் அமைப்பு, இருக்கிறது. அதை வைத்திருந்தால் முடிந்திருக்கும். அன்றைக்கு இருந்த அவசரத்தில் எங்கள் குழுவில் ஒருவர் பொதியையே எடுத்துவிட்டு, யுடிசியோடு எப்போதும் எட்டு மணி நேரம் கூட்டு என்று, நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் மாறியில் எழுதிவிட்டார். நான் ஷெல்லில் ஊர்ப் பெயரைக் கொடுத்துப் பார்க்கும்வரை அது யார் கண்ணிலும் படவில்லை. இன்றைய மலேசிய நேரத்துக்கு எட்டு மணி சரிதான். 1982க்கு முன்னால்?

தீபகற்ப மலேசியாவின் நேரம் 1981 முடியும்வரை யுடிசிக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி நேரமாக்கினார்கள். அந்த வருடத்திலிருந்து, தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போது இருட்டு கூடிப்போனது என்று அப்பா லயத்து வாசலில் உட்கார்ந்து சொல்வாரே, நினைவிருக்கிறதா? தோட்ட எழுத்தரான கிராணி பெயர் கூப்பிடும் மணி மாறவில்லை, சூரியன்தான் அரை மணி நேரம் பிந்தி வந்தது. சின்ன வயதில் அதை ஒரு கதையாகத்தான் கேட்டோம்.

அந்த அரை மணி நேரம்தான் இங்கே ஒரு நாளை விழுங்கியிருக்கிறது. பழைய நிரல் ஒன்று, பிறந்த நாளின் நள்ளிரவிலிருந்து எட்டு மணி நேரத்தைக் கழித்து யுடிசியாகச் சேமித்தது. கிளினிக் பயன்படுத்தும் உண்மையான சர்வரில் டிஇசட்டேட்டா முறையாக உண்டு. அது 1975ஆம் ஆண்டுத் தேதிக்கு ஏழரை மணி நேரம் மட்டும் கூட்டியதால், முந்தைய நாள் இரவு 11.30 என்று வந்தது. தேதி ஒரு நாள் பின்னால் போய்விட்டது. டெஸ்ட் இமேஜிலோ கழிக்கும்போதும் எட்டு, கூட்டும்போதும் எட்டு. கணக்கு நேராகிவிட்டது, டெஸ்டும் பச்சையாகிவிட்டது.

அன்றிலிருந்து எனக்குப் பயம் சிவப்பின் மேல் இல்லை, பச்சையின் மேல்தான். இமேஜினால் வரும் சிவப்பை யாராவது தேடிப் போவார்கள். பிரவுசர் டெஸ்ட் நடுநடுவே செத்து விழுந்தபோது நாங்களும் தேடினோம். கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கர், ஒரு கண்டெய்னருக்குத் தரும் பகிர்வு நினைவகம் தானாக 64 எம்பிதான், க்ரோமுக்கு அது போதாது. கண்டெய்னரைக் கிளப்பும்போது கூட்டிக் கொடுத்தோம், விழுவது நின்றது. இமேஜ் பொய்யாகத் தரும் பச்சையை யாரும் தேடுவதில்லை.

இன்னொன்றும் அதே இமேஜில் இருந்தது. அது எனக்கு இன்னமும் வலிக்கிறது. நோயாளிக்குத் தரும் அறிவுரைச் சீட்டு மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் வரும். திரைப் படத்தை எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடும் டெஸ்ட் ஒன்று அதற்கு உண்டு. இமேஜில் தமிழ் எழுத்துரு கிடையாது. 'உணவுக்குப் பின்' என்று இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டம் கட்டமாக நின்றது. ஒப்பிடுவதற்கு வைத்திருந்த பழைய படமும் அதே இமேஜில் எடுத்ததுதான், அதிலும் கட்டங்கள். கட்டமும் கட்டமும் பொருந்தியதால் டெஸ்ட் பச்சை. எத்தனை மாதம் அப்படி ஓடியதோ. அந்தப் படத்தைத் தமிழ் தெரிந்த ஒருவர் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும். எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவள் நான்தான். நோட்டோ எழுத்துருப் பொதியைச் சேர்த்து, படங்களை எல்லாம் புதிதாக எடுத்து, ஒவ்வொன்றையும் நானே கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டேன்.

அதனால் இப்போது இமேஜுக்கே ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறேன். கட்டி முடித்ததும், மற்ற டெஸ்ட்கள் தொடங்கும் முன் அது ஓடும். 1975ஆம் ஆண்டுத் தேதிக்குக் கோலாலம்பூர் நேரம் ஏழரை என்று வருகிறதா, தமிழுக்கு எழுத்துரு கிடைக்கிறதா, எல்லா மொழி எழுத்தையும் கையாளும் யுடிஎஃப்-8 இருக்கிறதா, முழு அதிகாரமுள்ள ரூட் அல்லாத பயனராக ஓடுகிறதா, இவ்வளவுதான். சில விநாடி வேலை. உன் இமேஜுக்கு வேறொன்று முதலில் செய்வதாக இருந்தாலும் இதையும் கூடவே செய்.

பராமரிப்பு என்பது என்ன என்று கேட்டாயே, அது மாதத்தின் முதல் திங்கட்கிழமை வேலை. பேஸ் இமேஜை டேக் வைத்து எடுக்காதே. டேக் வெறும் லேபிள், நாளைக்கே அதைக் கழற்றி வேறொரு இமேஜில் ஒட்டிவிடலாம். டைஜெஸ்ட் என்ற அடையாள எண் உள்ளே இருப்பதிலிருந்தே கணக்கிடப்படுவதால், உள்ளே எது மாறினாலும் அதுவும் மாறிவிடும். டாக்கர்ஃபைலில் டைஜெஸ்டை எழுதிப் பூட்டி வை. பூட்டியதை அப்படியே விட்டாலும் ஆபத்துதான், பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராது. அதனால் முதல் திங்கட்கிழமை மட்டும் நானே புது டைஜெஸ்டை எழுதி, மறுபடி கட்டி, எல்லா டெஸ்டையும் ஓட்டுகிறேன். அன்று நிரலில் யாரும் கை வைப்பதில்லை. சிவப்பு வந்தால் இமேஜால்தான் என்று அப்போது சந்தேகமில்லாமல் தெரியும்.

உபுண்டுவில் ஐந்து வருட ஆதரவு உள்ள எல்டிஎஸ் பதிப்பையே எடு. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான் ஆயுள். அப்புறம் அவற்றின் பொதிகளைப் பழைய வெளியீடுகளுக்கான முகவரிக்கு மாற்றிவிடுவார்கள், நேற்றுவரை கட்டிய டாக்கர்ஃபைல் ஒருநாள் 404, அதாவது கிடைக்கவில்லை, என்று நின்றுவிடும். பேஸ் இமேஜின் ஒரு பிரதியை உங்கள் சொந்த ரெஜிஸ்ட்ரியில் வைத்துக்கொள்வதும் நல்லது. 2020 நவம்பரில் டாக்கர் ஹப் என்ற பொது ரெஜிஸ்ட்ரி, லாகின் இல்லாமல் எடுப்பவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 தடவை என்று வரம்பு வைத்தபோது, ஒரே ஐபி முகவரியில் இருந்த எங்கள் ஆபீஸ் முழுக்க மத்தியானமே பில்ட் நின்றுபோனது.

கடிதத்தின் கடைசியில், பொதிகளை எடுப்பதற்கான சாவியை இமேஜுக்குள் நகலெடுத்து, வேலை முடிந்ததும் அடுத்த வரியில் அழித்துவிடுவதாகச் சொல்லியிருந்தாய். அது அழிவதில்லை. டாக்கர்ஃபைலில் கோப்புகளை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் ஒரு தனி லேயர், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் அடுக்கு. மேல் லேயரில் அழித்தால் கண்ணுக்கு மறையும், கீழ் லேயரில் அப்படியே இருக்கும். இமேஜை இறக்கிப் பிரிக்கத் தெரிந்த யாரும் எடுத்துவிடலாம். தயவுசெய்து நாளைக்கே அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்கு. பில்ட் ஓடும்போது மட்டும் சாவியைக் காட்டிவிட்டு, லேயரில் பதியாமல் விடும் வசதி டாக்கரின் பில்ட்கிட் கருவியில் இருக்கிறது, அதைப் பயன்படுத்து.

தீபாவளிக்கு வருவது உறுதிதானே? இடிஎஸ் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடு, கடைசி வாரத்தில் கிடைக்காது. பட்டர்வொர்த்தில் இறங்கியதும் படகில் வா, மகளுக்கும் பிடிக்கும். ஜெட்டியில் நான் நிற்பேன். முறுக்குக்கு மாவு அரைத்து வைக்க வேண்டும், எத்தனை பேர் வருகிறீர்கள் என்று அம்மா கேட்கச் சொன்னார். டாக்கர்ஃபைலை அதற்கு முன்பே அனுப்பிவிடு, வரி வரியாகப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி