சின்னம்மை மறுபடி வருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘சின்னம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது’ என்று மருத்துவக் கேள்வி-பதிலில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பெரும்பாலோருக்கு அது பொருந்தும். எல்லோருக்கும் அல்ல.

‘எனக்கு இரண்டு முறை வந்தது’ என்பவர்களில் சிலருக்கு முதலில் வந்தது சின்னம்மையாகவே இருக்காது. பூச்சிக்கடி, சிரங்கு, கை-கால்-வாய் நோய் எல்லாம் கண்ணை ஏமாற்றும். சின்னம்மையில் சிவந்த தடிப்பு, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். கை கால்களைவிட நெஞ்சிலும் முதுகிலும் அதிகம் இருக்கும். சந்தேகம் வந்தால் கொப்புள நீரையோ பொருக்கையோ, கிருமியின் மரபணுவைத் தேடிக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

உண்மையிலேயே இரண்டாம் முறை வருவது அபூர்வம். புற்றுநோய் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றத்துக்குப் பின்னோ எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். கைக்குழந்தையாக இருந்தபோது லேசாக வந்து போனவர்களுக்கும் வரலாம். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் அப்போது கிருமியைப் பாதி அடக்கிவிடுவதால், குழந்தையின் சொந்த எதிர்ப்பாற்றல் வலுவாக உருவாகாமல் போகலாம்.

நீங்கள் அக்கியைக் குறிப்பிடவே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறை. சின்னம்மை ஆறினாலும் கிருமி உடம்பைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, பல வருடம் கழித்து அக்கியாக எழும்பும். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் வரும். அதற்குச் சில நாள் முன்பே அந்த இடம் எரியும், வலிக்கும். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். அடுத்தவரிடமிருந்து அக்கி தொற்றாது. ஆனால் அந்தக் கொப்புள நீர் பட்டால், எதிர்ப்பாற்றல் இல்லாதவருக்குச் சின்னம்மை வரலாம்.

சின்னம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டவர்களுக்கும் எப்போதாவது சின்னம்மை வருவதுண்டு. அநேகமாக 50 கொப்புளத்துக்குள் அடங்கிவிடும், காய்ச்சலும் குறைவு. அவர்களிடமிருந்தும் பிறருக்குத் தொற்றும் என்பதால், புதிய கொப்புளம் நின்று எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தனித்திருக்க வேண்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

முன்பு வந்ததா என்று நிச்சயமில்லாத கர்ப்பிணி, நோயாளியின் அருகில் இருக்க நேர்ந்தால் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்கலாகாது. உடனே மருத்துவரிடம் சொல்லி, எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று காட்டும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எதிர்ப்பாற்றல் இல்லையென்றால் நோயாளியின் அருகில் இருந்த நாளிலிருந்து தடுப்பு மருந்து தர 10 நாள்தான் அவகாசம். கர்ப்பக் காலத்தில் இந்தத் தடுப்பூசியைப் போட முடியாது.

இப்படிக்கு,
ஒரு தோல்நோய் மருத்துவர்