குளத்துக் கூட்டத்தில் இன்னும் சிலர் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை நெல்லுக்கான சிறுபோகக் கூட்டங்கள் தொடங்குகிற காலம் என்பதால் இதை எழுதுகிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறிய குளத்தின் கீழ் நெல் செய்பவன் நான். எத்தனை ஏக்கர் விதைப்பது, துருசை (குளத்து மதகை) எப்போது திறப்பது, மாடுகளை எப்போது கட்டுவது எல்லாவற்றையும் அதிகாரிகளும் கமக்காரர் அமைப்பும் கூடியிருந்துதான் முடிவெடுப்போம். அருமையான வழக்கம். ஆனால் அங்கே இருப்பது வயல்காரர் மட்டும்.

போன வருசம் மீன்பிடிக்கிற ஐயா ஒருவர் வாசலில் நின்று, "கடைசியில குளத்துல ரெண்டடித் தண்ணியாவது மிச்சம் விடுங்கோ தம்பி" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கூடுதல் ஏக்கருக்கு நானும் கை உயர்த்தினேன். ஆவணியில் கடைசித் தண்ணீருக்காகத் துருசை முழுக்கத் திறந்தோம். அடுத்த வாரம் குளத்துக்குள் இறங்கிப் பார்த்தேன். வெடித்த சேற்றுக்கு நடுவே, ஒரு பாய் விரிக்கிற அளவுக் குட்டையில் விரால்கள் முதுகு தெரிய நெளிந்தன. மீன்பிடிப்பவர்கள் வாங்கி விட்ட மீன்குஞ்சுகள் கைநீளம்கூட வளர்ந்திருக்கவில்லை. எருமைகள் தண்ணீர் தேடிச் சேற்றில் புதைந்து நின்றன. கட்டுக்குக் கீழே வீட்டுக் கிணறுகளிலும் வாளி தரை தட்டியது. என் வீட்டுக் கிணறும் அதில் ஒன்று.

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்கு அந்தஸ்து தந்தது. சரி, மீன்பிடிப்பவருக்கும் மாடு வளர்ப்பவருக்கும் கிணற்றை நம்பி வீட்டுத்தோட்டம் செய்கிற பெண்களுக்கும் எந்தக் கூட்டம்? தண்ணீருக்கு ஒரு திணைக்களம், மீனுக்கு இன்னொன்று, காட்டுக்கு வேறொன்று. குளம் ஒன்றுதான், இவர்கள் ஒன்றாக இருந்து கதைத்ததை நான் கண்டதில்லை.

அம்பாறை கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1981 இல் விவசாயிகளை வாய்க்கால் வாரியாகக் குழுக்களாகச் சேர்த்தார்கள். வாய்க்காலின் மேல்பகுதியில் இருந்த சிங்கள விவசாயிகள் தண்ணீரை மிச்சம் பிடித்துக் கீழே இருந்த தமிழ் விவசாயிகளுக்கு விட்டார்கள். அந்தக் காலத்திலேயே அது நடந்தது என்றால், ஒரே ஊர்க்காரர் நாங்கள் ஏன் செய்ய முடியாது?

விதைக்கிற ஏக்கரைத் தீர்மானிக்கும் முன்னர், குளத்தில் எவ்வளவு தண்ணீர் மிஞ்ச வேண்டும் என்று முதலில் பேசுங்கள். அந்தப் பேச்சில் எல்லாரும் இருக்கட்டும். சில ஏக்கர் குறையும், என் பங்கும் குறையும். பரவாயில்லை.

இம்முறை அந்த ஐயாவை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அவருக்கும் ஒரு கதிரை போடச் சொல்லி எங்கள் அமைப்பிடம் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கமக்காரர்,
ஒட்டுசுட்டான்.